தொப்பியை இரண்டு தரம் தொட்டால்

சனிக்கிழமை பின்னேரங்களில் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியின் அடிப்பாகத்தை மறைத்து ஒரு குசினித் துவாய் தொங்கும். சிவப்புக் கட்டம் போட்ட துவாய், மஞ்சள் கறை எத்தனை தரம் தோய்த்தும் போகாதது. சின்னமாமாதான் அதை ஒட்டும் நாடாவால் இரண்டு மூலையிலும் ஒட்டுவார். பிறகு தள்ளி நின்று, தலையைச் சரித்து, சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார். திரையின் அடியில் ஓடும் நோர்வேஜிய எழுத்து ஒரு சொட்டும் வெளியே தெரியக்கூடாது. திருப்தி வந்ததும் சத்தத்தைக் குறைத்துவிட்டு, தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்காருவார். அந்தக் கதிரை இழுபடும் சத்தம் கேட்டால் நானும் அண்ணாவும் எந்த அறையில் இருந்தாலும் பறந்து வருவோம்.

சின்னமாமா அம்மாவின் தம்பி. நாங்கள் ஒஸ்லோவின் புறநகரான அம்மருட்டில் உயரமான ஒரு மாடிக் கட்டடத்தின் ஒன்பதாவது தளத்தில் இருந்தோம். அவர் நகரத்துக்குள் ஒரு சின்ன அறையில் தனியாக இருந்தார். ஒவ்வொரு சனியும் டி-பானா என்கிற நகர ரயில் பிடித்து வருவார், கையில் ஒரு பை இருக்கும். பைக்குள் லொப்பெமார்க்கெட்டில் பொறுக்கிய வீடியோக் கசெற்றுகள். பாடசாலை வாத்தியக் குழுவுக்குக் காசு சேர்க்க ஊரார் வீட்டில் வேண்டாத சாமான்களைக் கொண்டுவந்து குவித்து விற்கிற சந்தை அது. மற்றத் தமிழ்ச் சனம் அங்கே குளிர்ச் சட்டையும் பிள்ளைகளுக்குச் சறுக்குப் பலகையும் தேடும். மாமா மட்டும் யாரும் தொடாத மூலைக்குப் போய், பழைய ஹாலிவுட் படங்களைக் கிண்டி எடுப்பார். கறுப்பு வெள்ளையில் களவும் கொலையும் பகிடியும் கலந்த படங்கள்.

எங்கள் வீட்டில் ஆங்கிலம் தெரிந்தது அவருக்கு மட்டும்தான். அதனால் எல்லாருடைய குரலிலும் அவரே கதைப்பார். சீமாட்டிக்கு ஒரு கீச்சுக் குரல், துப்பறிவாளருக்கு மூக்கடைத்த குரல், கள்ளனுக்கு வெற்றிலை போட்ட குரல். ஒரே நேரத்தில் மூன்று பேர் சண்டை பிடித்தாலும் சளைக்க மாட்டார், வியர்த்துப்போவார், அவ்வளவுதான்.

"எழுத்தையாவது விடன் தம்பி, பிள்ளையள் வாசிச்சுப் பழகட்டும்" என்று அம்மா சொல்லிப் பார்ப்பார்.

"எழுத்து வாசிக்கிற ஆக்கள் முகத்தைப் பாக்க மாட்டினம் அக்கா" என்பார் மாமா.

எல்லாப் படமும் ஏறக்குறைய ஒரே படம்தான். ஒரு பெரிய வீடு, வெளியே மழை. சீமாட்டியின் நகை காணாமல் போகும். விளக்கு அணையும், ஒரு வெடிச் சத்தம் கேட்கும், விளக்கு எரிந்தால் எல்லாரும் ஆளையாள் சந்தேகமாகப் பார்ப்பார்கள். தொப்பி போட்ட ஒரு துப்பறிவாளர் கதவுகளில் முட்டிக்கொண்டு, வாய்க்கு வந்ததைக் கதைத்துக்கொண்டு, கடைசியில் கள்ளனைப் பிடித்துவிடுவார். இவர்கள் எல்லாரும் வெள்ளைக்காரர். திரையின் ஓரத்தில் வேறு சிலரும் நிற்பார்கள். கதவு திறக்கிறவர், தட்டம் ஏந்துகிறவர், கார் ஓட்டுகிறவர். இவர்கள் கறுப்பர். எப்போதாவது ஒரு சீனர் சலவைத் துணி மூட்டையோடு வந்து, குனிந்து, போய்விடுவார். "ஓம் ஐயா", "இல்லை அம்மா" என்பதற்கு மேல் இவர்களுக்குப் பேச்சுக் கிடையாது. ஆனால் பயப்பட வேண்டும். கண்ணை உருட்டி, முழங்கால் நடுங்கி, மேசைக்குக் கீழே ஒளிய வேண்டும். அவர்களுக்குக் கொடுத்த வேலை அதுதான், சனம் பார்த்துச் சிரிக்க வேண்டும்.

இதெல்லாம் நான் வளர்ந்தபின் தெரிந்துகொண்டது. அந்த நாட்களில் மாமாவின் வாயால் நான் கேட்ட கதையே வேறு.

மாமாவின் கதையில் கதவடியில் நிற்கிறவர்தான் தலைவர். அவருக்குப் பெயர் பெரியவர். உலகத்திலேயே பெரிய துப்பறியும் கூட்டம் ஒன்று அவர் கையில் இருக்கிறது. தட்டம் ஏந்தும் பெண்ணும் அந்தக் கூட்டத்து ஆள், காரோட்டியும் அந்தக் கூட்டம், சலவைக்காரர் மடித்த சேட்டுக்குள் வைத்துச் செய்தி கொண்டுவருகிறவர். தொப்பி போட்ட துப்பறிவாளர் சும்மா ஒரு எடுபிடி, வேலை பழக வந்தவர். பெரியவர் அவருக்குக் கதவைத் திறந்துவிட்டு, குனிந்து, மெல்ல வாயசைப்பார். ஆங்கிலத்தில் அது "ஓம் ஐயா". மாமாவின் தமிழில் அது இப்படி வரும்:

"பின்பக்கத்துப் படியாலை போ. கள்ளன் அங்கைதான் நிக்கிறான். மோட்டு வேலை ஒண்டும் பாத்திடாதை."

துப்பறிவாளர் உடனே பின்பக்கத்துப் படியால் போவார். கள்ளனும் அங்கே நிற்பான். இதைவிட வேறென்ன ஆதாரம் வேண்டும்?

எனக்கு உயிரான படம் ஒன்று இருந்தது. அதில் பெரியவர் நீளக் கோட்டும், மினுங்கும் பித்தளைப் பொத்தானும், விளிம்பு வைத்த தொப்பியும் போட்டிருப்பார். ஒரு இடத்தில் யன்னலில் வெள்ளைப் படுக்கைவிரிப்பு ஒன்று காற்றில் எழும்பும். பெரியவர் அதைப் பேய் என்று நினைத்து, பற்கள் அடிபட நடுங்கி, மேசைக்குக் கீழே போய்விடுவார். சீமாட்டியும் விருந்தினரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரிக்க வாயெடுப்பேன். மாமா விரலை உயர்த்துவார்.

"பொறு பிள்ளை. அவர் பயப்பிடேல்லை. பயந்த மாதிரி நடிக்கிறார். இனிக் கள்ளன் என்ன நினைப்பான்? இவன் ஒரு பயந்தாங்கொள்ளி, இவனுக்கு முன்னாலை என்னவும் கதைக்கலாம் எண்டு நினைப்பான். அவன் கதைக்கக் கதைக்க இவர் எல்லாத்தையும் கேட்டுக்கொண்டு நிப்பார்."

எனக்கு மயிர்க்கால் எல்லாம் எழும்பிவிடும். ஊர் முழுக்க ஒரு மனிதனைப் பார்த்துச் சிரிக்கிறது, அந்த மனிதனுக்கோ ஊரின் இரகசியம் முழுக்கத் தெரியும்! மேசைக்குக் கீழே இருந்து உருளும் அந்தக் கண்களைப் பார்த்துக்கொண்டு நான் காகிதப் பையில் இருந்த சனிக்கிழமைகளில் மட்டும் கிடைக்கும் இனிப்பைச் சப்பவும் மறந்துபோவேன்.

பெரியவரிடம் ஒரு சைகையும் உண்டு. தொப்பியை இரண்டு தரம் தொட்டால், "எல்லாம் சரியாப் போகுது. என்னைத் தெரியாத மாதிரிப் போ" என்று அர்த்தம். கூட்டத்து ஆட்கள் அதைக் கண்டதும் அவரைத் தூணைப் போலக் கடந்து போய்விடுவார்கள். தட்டக்காரப் பெண் அப்படிக் கடந்து போகிற அழகைப் பார்த்து நான் கண்ணாடி முன்னால் நின்று பழகியிருக்கிறேன்.

பல வருடம் கழித்து அதே படத்தைத் துவாய் இல்லாமல், சத்தத்தைக் கூட்டிவைத்துப் பார்த்தேன். பெரியவர் படம் முழுக்கச் சொன்னதை ஒரு தபாலட்டையின் மூலையில் எழுதிவிடலாம். கடைசியில் ஓடிய பெயர்களில் நாய்க்குக்கூட இடம் இருந்தது, அவருடைய பெயர் இல்லை. எனக்குக் கோபமான கோபம். ஆனால் அந்த நடிகரின் முகத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தபோது ஒன்று விளங்கியது. மாமா முழுக்கப் புளுகவில்லை. அந்த மனிதர் உண்மையிலேயே வேடத்தில்தான் நின்றார். கொடுத்த இரண்டு சொல்லுக்கும் நடுவில் ஒரு கணம், எல்லாரும் வேறு பக்கம் பார்க்கிறபோது, அவருடைய கண் அந்த வீட்டை மேலிருந்து கீழாக ஒருமுறை அளந்துவிட்டு வந்தது. மாமா அந்தக் கணத்தைத்தான் பிடித்திருக்கிறார்.

எட்டு வயதில் எனக்கு இந்த ஆராய்ச்சி எல்லாம் தேவைப்படவில்லை. என் பிரச்சினை ஒன்றே ஒன்றுதான்: ஒஸ்லோவில் பெரியவர் யார்?

இல்லாமல் இருக்க முடியாது. ஓரத்தில் நிற்கிற ஆட்கள் இந்த நகரத்தில் அவ்வளவு பேர் இருந்தார்கள். பஸ் ஓட்டுகிற பாகிஸ்தான்காரர், மீன் கடையில் பெட்டி அடுக்குகிறவர், நிலையத்தில் தரை கழுவுகிற எங்கள் தமிழ் ஆள் ஒருவர். பாடசாலைக்குப் போகும் வழியெல்லாம் நான் என் கம்பளித் தொப்பியை இரண்டு தரம் தொட்டுக்கொண்டே போவேன். பெரும்பாலும் ஒருவரும் கவனிக்கவில்லை. கவனிக்காமல் போனால் அதுதானே கூட்டத்து ஒழுங்கு! ஒருநாள் எங்கள் பாடசாலையைத் துடைக்கிற எரித்திரியப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்து, தன் தலைத்துணியை இரண்டு தரம் தொட்டார். அன்றைக்கு நான் வீட்டுக்கு ஓடிவந்த வேகத்தில் சப்பாத்து ஒன்று கழன்று போனது.

இந்த விஷயம் தெரிந்த ஒரே வெளியாள் என் சிநேகிதி பின்டா. அவளுடைய அப்பா ஆபிரிக்காவில் காம்பியாவிலிருந்து வந்தவர், டிராம் ஓட்டினார். "அப்படியென்றால் என் அப்பாவும் கூட்டத்தில் இருப்பார்" என்று பின்டா சொன்னாள். நிச்சயமாக இருப்பார் என்று நான் பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டேன்.

சின்னமாமா என்ன வேலை செய்கிறார் என்பது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அவர் நகரத்தில் பெரிய ஹோட்டல் ஒன்றில் மனேஜர். அம்மா தொலைபேசியில் அப்படித்தான் சொல்வார். அந்த நாட்களில் மாமாவுக்குப் பெர்கன் நகரத்தில் ஒரு இடத்தில் பெண் பேசிக்கொண்டிருந்தார்கள், அதனால் அம்மா அந்தச் சொல்லைக் கொஞ்சம் உரத்துச் சொல்வார். மாமா பக்கத்தில் இருந்தால் எழும்பி பல்கனிக்குப் போய்விடுவார்.

அந்த வசந்தத்தில் எங்கள் வகுப்பை நகர மண்டபம் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனார்கள். பனி உருகி, குளிர்காலத்தில் வழுக்காமல் இருக்கக் கொட்டிய சரளைக் கல்லை வண்டிகள் கூட்டி அள்ளிக்கொண்டிருந்த நேரம். எல்லாருக்கும் மஞ்சள் மேற்சட்டை மாட்டி, இரண்டு இரண்டு பேராகக் கைகோக்க வைத்து, டி-பானாவில் ஏற்றி இறக்கினார்கள். நான் பின்டாவின் கையைப் பிடித்திருந்தேன். எங்களுக்கு முன்னால் ஓலா என்றொரு பையன், வாய் ஓயாதவன்.

வழியில் ஒரு ஹோட்டல் வந்தது. கண்ணாடிக் கதவு, பித்தளைப் பிடி, வாசலில் சிவப்பு விரிப்பு. ஒரு டாக்சி வந்து நின்றது. நீளக் கோட்டும், மினுங்கும் பொத்தானும், விளிம்பு வைத்த தொப்பியும் போட்ட ஒருவர் ஓடிப்போய்க் கதவைத் திறந்து, குனிந்து, உள்ளே இருந்த நெட்டையருடைய பெட்டியை வாங்கினார். வாங்கிக்கொண்டு நிமிர்ந்தார்.

சின்னமாமா!

அதே கோட். அதே பொத்தான். அதே குனிவு. மனேஜராக இருக்கிற மனிதர் ஏன் வாசற்காரரைப் போல உடுத்திக்கொண்டு நிற்க வேண்டும்? இதற்கு ஒரே ஒரு விடைதான் உண்டு. இவ்வளவு நாளும் ஒஸ்லோ முழுக்க நான் தேடிய ஆள், சனிக்கிழமை தோறும் எங்கள் வீட்டுக் கதிரையில் இருந்து தன் கதையைத்தானே சொல்லியிருக்கிறார்! எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போல் இருந்தது, கத்த வேண்டும் போல் இருந்தது. கால் நிலத்தில் படவில்லை.

மாமாவும் என்னைக் கண்டுவிட்டார். முகம் மலர்ந்து கை மேலே எழும்பியது. அந்த நேரம் பார்த்து ஓலா திரும்பினான்.

"ஏய், அந்த ஆள் உன்னைப் பார்க்கிறார். உனக்குத் தெரிந்தவரா?" என்று நோர்வேஜிய மொழியில் கேட்டான்.

எனக்குச் சட்டம் தெரியும். வேடத்தில் நிற்கும் பெரியவரைக் காட்டிக் கொடுக்கக்கூடாது. கள்ளன் எங்கேயும் நிற்பான், அந்த நெட்டையரே கள்ளனாக இருக்கலாம். நான் தட்டக்காரப் பெண்ணைப் போல நாடியை உயர்த்திக்கொண்டு, தெருவுக்கே கேட்கும்படி, என்னிடம் இருந்த ஆகச் சுத்தமான நோர்வேஜியத்தில் சொன்னேன்:

"இல்லை. இந்த ஆளை நான் என் வாழ்க்கையில் கண்டதே இல்லை."

சொல்லிவிட்டுக் கடைக்கண்ணால் பார்த்தேன். எழும்பிய மாமாவின் கை பாதியில் நின்றது. பிறகு மெல்லப் போய்த் தொப்பியைத் தொட்டுச் சரிசெய்தது. ஹோட்டல் படியால் ஒரு பெண்மணி இறங்கி வந்தார். மாமா அவருக்குக் குனிந்து, இன்னொரு தரம் தொப்பியைத் தொட்டார்.

இரண்டு தரம்!

நான் கையை நெரித்த நெரிப்பில் பின்டா "ஆ" என்று கத்தினாள். என்ன என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். அன்றைக்கு நகர மண்டபத்தின் பெரிய பெரிய சுவரோவியங்கள் எல்லாவற்றுக்கும் முன்னால் எங்களை நிறுத்தி ஆசிரியை விளக்கம் சொன்னார். ஒன்றும் என் தலைக்குள் போகவில்லை.

அடுத்த சனிக்கிழமை துவாயை நானே ஒட்டி, கதிரையையும் போட்டு வைத்தேன். மாமா வரவில்லை. அதற்கு அடுத்த சனியும் வரவில்லை. அம்மா தொலைபேசி எடுத்தார், வேலை கூட என்று மாமா சொன்னாராம். அம்மா சமைத்த இடியப்பத்தை மூடிவைத்துவிட்டு, "எனக்கென்னவோ இவன் கோவத்திலை நிக்கிறான் போலக் கிடக்கு" என்று அப்பாவிடம் கவலைப்பட்டார். அண்ணா சோபாவை உதைத்துக்கொண்டு திரிந்தான். எனக்கு மட்டும் காரணம் தெரியும். பெரிய வழக்கு ஒன்று ஓடுகிறது! பாவம், இந்த வீட்டுச் சனத்துக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துக்கொள்வேன். இரகசியம் வயிற்றுக்குள் குதிக்க, தலையணையைக் கடித்துக்கொண்டு படுப்பேன்.

பிறகு ஒருநாள் பின்னேரம், சனிக்கிழமையும் அல்லாத ஒரு நாளில், மாமா வந்து வாசலில் நின்றார். சப்பாத்தைக் கழற்றவில்லை. கையில் இருந்த பெரிய பையை வாசலுக்கு உள்ளே வைத்தார். எல்லாக் கசெற்றும் அதற்குள் இருந்தன.

"இதுகளை வைச்சிருங்கோ அக்கா. இல்லாட்டி அடுத்த லொப்பெமார்க்கெட்டுக்குக் குடுங்கோ. எனக்கு இனி சனிக்கிழமையிலையும் வேலை வரும். பிள்ளையளும் வளர்ந்திட்டினம். இனி இதுகளைப் பாக்க அவைக்கு ஒரு மாதிரி இருக்கும்."

"என்ன விசர்க் கதை கதைக்கிறாய்? உள்ளுக்கு வா, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ."

"இல்லை அக்கா, போகவேணும்."

மாமா என்னைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தார், பையைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. கதவு சாத்திக்கொண்டது. பெரியவர் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டுப் போகிறார் என்றால் வேறு நாட்டுக்கு மாறிப் போகிறார்! நான் காலுறையோடு ஓடினேன். லிஃப்ட் கதவு மூடப்போகிற நேரம் உள்ளே பாய்ந்துவிட்டேன்.

"என்ன பிள்ளை, சப்பாத்தும் இல்லாமல்?"

லிஃப்ட் இறங்கத் தொடங்கியது. எனக்கு நேரம் இல்லை.

"மாமா, நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

"என்னத்தை?"

"நீங்கள் அங்கை நிக்கிறதை. அம்மாவுக்குச் சொல்லேல்லை, அண்ணாவுக்குச் சொல்லேல்லை. பின்டா பக்கத்திலைதான் நிண்டவள், அவளுக்குக்கூடச் சொல்லேல்லை."

மாமா கதவுக்கு மேலே மாறும் எண்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். "சரி பிள்ளை. நல்லது" என்றார். அந்தக் குரல் அவருடைய எந்தக் குரலிலும் சேராது. சீமாட்டியும் இல்லை, கள்ளனும் இல்லை.

"அவன் கேட்ட உடனை, கண்டதே இல்லை எண்டு சொன்னன் எல்லோ? நல்லாச் சொன்னனோ? நீங்கள் தொப்பியை ரெண்டு தரம் தொட்டனீங்கள். எனக்கு உடனை விளங்கிட்டுது."

மாமா இப்போதுதான் திரும்பி என்னைப் பார்த்தார்.

"என்ன விளங்கினது?"

லிஃப்டில் வேறு ஒருவரும் இல்லை. என்றாலும் நான் அவருடைய கோட்டைப் பிடித்து இழுத்து, குனியவைத்து, காதுக்குள் சொன்னேன்.

"நீங்கள்தான் பெரியவர்."

மாமா சுவரோடு சரிந்து லிஃப்டின் தரையில் உட்கார்ந்துவிட்டார். தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று கண்டு நானும் சிரித்தேன். பார்த்தால் கண்ணால் தண்ணீர் வழிகிறது, சிரிப்பும் நிற்கவில்லை. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்கிற ஆளை நான் அதற்கு முன்னர் கண்டதில்லை. இதுவும் நடிப்பாக்கும், என்ன கெட்டித்தனம் என்று வியந்தேன்.

"அப்ப நீ வெக்கத்திலை சொல்லேல்லையோ?" என்று கேட்டார்.

நான் யோசித்துப் பார்த்தேன். கூட்டத்துச் சட்டத்தில் ஏதோ ஒன்றை நான் படிக்காமல் விட்டுவிட்டேனோ என்று பயம் வந்தது.

"வெக்கப்பட வேணுமோ மாமா?"

"இல்லைக் குஞ்சு" என்றார். என் தலையைப் பிடித்துத் தன் கோட்டோடு வைத்து அமத்திக்கொண்டார். "ஒண்டும் தேவையில்லை."

கீழ்த்தளத்தில் கதவு திறந்தது. ஆறாம் தளத்து நோர்வேஜியக் கிழவி தன் சில்லு வைத்த பையோடு நின்றார். மாமா சட்டென்று எழும்பி, கண்ணைத் துடைத்து, கதவைக் கையால் தாங்கிப் பிடித்து, கிழவிக்காக லேசாகக் குனிந்தார். தொழில் சுத்தம்! நான் உடனே அவரிடமிருந்து விலகி, சுவரைப் பார்த்துக்கொண்டு, முன்பின் தெரியாத ஆளாக நின்றேன். லிஃப்ட் திரும்ப ஏறியது. கிழவி என் காலுறையைப் பார்த்தார், மாமாவின் சிவந்த கண்ணைப் பார்த்தார். மாமா வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். ஆறாம் தளத்தில் கிழவி இறங்கிக் கதவு மூடியதும் அவர் போட்ட சிரிப்பு ஒன்பதாம் தளம் வரைக்கும் கேட்டிருக்கும்.

"மறந்து போனன் அக்கா" என்று சொல்லிக்கொண்டு வாசலில் சப்பாத்தைக் கழற்றினார். "ஒரு படத்திலை ஒரு கட்டம் இவையளுக்குச் சொல்லாமல் விட்டிட்டன்."

"விடிஞ்சாப் பள்ளிக்கூடம்" என்றார் அம்மா. ஆனால் துவாயை எடுத்துக் கொடுத்தது அவர்தான்.

பிறகு அந்தக் கிழமையே மாமா குசினிக்குள் அம்மாவோடு நெடுநேரம் கதைத்தார். அதற்குப் பிறகு அம்மா தொலைபேசியில் மனேஜர் என்று சொல்லவில்லை, "ஹோட்டல்லை வேலை" என்று மட்டும் சொன்னார். பாதுகாப்புக் காரணம் என்று நான் விளங்கிக்கொண்டேன். பெர்கன் பெண் எங்கள் மாமியானது அதற்குப் பின்னர்தான்.

ஆனால் அந்தப் பின்னேரத்துக்கு வருகிறேன். மாமா கதிரையை இழுத்துப் போட்டார். என் உயிரான படம் ஓடியது. மழை பெய்தது, நகை போனது, படுக்கைவிரிப்பு எழும்பியது, பெரியவர் மேசைக்குக் கீழே போனார். மாமாவின் குரல் அன்றைக்குப் போல என்றைக்கும் எடுபட்டதில்லை. பெரியவர் மேசைக்கு அடியில் கண்ணை உருட்டி ஒரு பக்கம் பார்க்கிற இடம் வந்ததும், மாமா எங்கள் பக்கம் திரும்பினார்.

"இவ்வளவு நாளும் உங்களுக்கு இதைச் சொல்லேல்லை. பெரியவருக்கு ஒரு துணை ஆள் இருக்கு. ஒரு சின்னப் பெட்டை. மேசைக்குக் கீழை அவளோடைதான் இப்ப கதைக்கிறார். இந்தக் கூட்டத்திலேயே ஆகத் திறமான ஆள் அவள்தான்."

நான் சோபாவில் எழும்பி நின்றுவிட்டேன். அண்ணா துவாய்க்கு மேலே குனிந்து, திரையோடு மூக்கை வைத்துத் தேடினான்.

"எங்கை? ஒருத்தரையும் காணேல்லையே!"

"அவ்வளவு கெட்டிக்காரி" என்றார் மாமா. "ஒருத்தற்றை கண்ணிலையும் பட மாட்டாள்."

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஓடிய ஒவ்வொரு படத்திலும் அவளை நான் தேடினேன். அந்தப் பெரிய வீடுகளின் எந்த அறையிலும், எந்தப் படியிலும், எந்தக் கதவுக்குப் பின்னாலும் என்னைப் போல ஒரு பிள்ளை இல்லை. ஒரு படத்தில்கூட, ஒரு கணம்கூட இல்லை. படம் முடிந்து மாமா துவாயை உரிக்கும்போது எனக்குப் பெருமை தாங்க முடியாது. ஏன் இல்லை என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. எனக்குத்தான் காரணம் தெரியுமே, நான் அவ்வளவு கெட்டிக்காரி.